பிரிமணை சூடிய ராஜா

பார்லி அறுவடை மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

சூளையில் மறுபடியும் பாதிப் பானை வெடித்துவிட்டது. வேறு குயவனாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். எனக்கு எழுத ஓடு கிடைத்தது. எழுத்துகளில் இரண்டு மூன்று எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். படிக்கப்போவதும் நானே என்பதால் சமாளித்துக்கொள்ளலாம்.

இன்று நியாயாதிபதி வந்துபோனார். வருஷம் ஒருமுறை கழுதையில் வரும் அதே கிழவர். அவர் வந்து ஊர்வாசல் கல்லில் உட்கார்ந்தார். நானும் முப்பீமும் எங்கள் வழக்கோடு போய் நின்றோம். முப்பீம் என் மனைவி ஹோதேஷின் தம்பி. அதாவது என் தலைவிதியின் தம்பி. எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு பாறைக்கிணறு இருக்கிறது, மழைநீர் சேர்வது. என் களிமண்ணுக்கும் அவன் ஆடுகளுக்கும் அதை விட்டால் கதியில்லை.

கிழவர் எங்களைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டார்.

"போன வருஷ வழக்குதானே?"

"ஆமாங்க ஐயா."

"ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் அவனுக்கு. ஓய்வுநாள்ல ரெண்டு பேருக்கும் இல்ல. அடுத்து யாரு?"

இதற்கா ஒரு வருஷம் காத்திருந்தேன்? முழுக் கிணறும் எனக்கு வேண்டும். எங்கள் பாட்டன் வெட்டியது அது. அவன் பாட்டனும் கூட நின்று வெட்டினான் என்கிறார்கள். நின்றானாம், அவ்வளவுதான்!

பார்லி அறுவடை மாதம், தேய்பிறை தொடக்கம்

நம் மூப்பர்கள் கிழவரிடமே போய், "எங்களுக்கு ஒரு ராஜா வேணும்" என்று கேட்டுவிட்டார்களாம். மற்ற ஜனங்களுக்கெல்லாம் இருக்கிறதாம். கடலோரப் பெலிஸ்தரிடம் ஐந்து பேர் இருக்கிறார்களாம்! நமக்கு ஒன்றுகூட இல்லையே என்று ஊரே ஏங்குகிறது. பக்கத்து வீட்டில் கறி வேகும் வாசனை வந்தால் நம் வீட்டுப் பருப்பு எப்படி இறங்கும்?

கிழவர் எச்சரித்தாராம். ராஜா வந்தால் பிள்ளையும் அவருக்கு, தோட்டமும் அவருக்கு, கழுதையும் அவருக்கு என்று.

முப்பீம் சிரித்தான். "மச்சானோட கழுதையையா? தாராளமா கொண்டுபோகட்டும். ஆனா தூக்கிட்டுத்தான் போகணும், அது நடக்காது."

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். ராஜா என்றால் தீர்ப்புச் சொல்லக் கழுதையில் ஊர் சுற்ற மாட்டார். பாதியாக வெட்டவும் மாட்டார். முழுசாகக் கொடுப்பார்.

கோதுமை அறுவடை மாதம், முதல் நாள்

ராஜா கிடைத்துவிட்டார்! நம் பென்யமீன் கோத்திரத்துக்காரரே. எல்லோரையும்விட ஒரு தலை உயரமாம். திராட்சை மிதிப்பதற்கு முன் நம் மலைப்பாதை வழியாக வருகிறாராம்.

ஹோதேஷ் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "ஒரு தலை உயரமாமே!" என்று மூன்று தரம் சொன்னாள். நான் எல்லோரையும்விட ஒரு தலை குள்ளம். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

கோதுமை அறுவடை மாதம், நாலாம் நாள்

ஊர்வாசலில் பெரிய ரகளை. ராஜா வந்தால் என்ன செய்வது? யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ராஜாவைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. மூப்பர் அஷ்பேல் பெரியப்பா, முகம் தரையில் படக் குனிய வேண்டும் என்றார்.

"மனுஷனுக்கா? கடவுளுக்குத்தான் குனியணும்!" என்றான் முப்பீம்.

"கதிர் அறுக்கக் குனியறியே, அது யாருக்குடா?"

"அது வயித்துக்கு, பெரியப்பா."

"இதுவும் வயித்துக்குத்தான்னு வச்சுக்கோ."

கடைசியில், ஒருவனை ராஜாவாக உட்காரவைத்துப் பழகிப் பார்ப்பது என்று முடிவானது. அறுவடைக் காலத்தில் கை சும்மா இருக்கிறவன் யார்? எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஊர்ச் சோம்பேறி என்பதற்கு இதைவிட மரியாதையான பட்டம் கிடைக்காது.

சிம்மாசனம்: என் சக்கரத்து முக்காலி, மேலே ஆட்டுத்தோல். கிரீடம்: பானை வைக்கிற வைக்கோல் பிரிமணை. ஹோதேஷ் அதைத் தலையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். "பானை மட்டுந்தான் குறை" என்றாள்.

கோதுமை அறுவடை மாதம், ஐந்தாம் நாள்

அடடா! அடடா! அடடா!

நேற்றுவரை என் சூளைப்புகையைத் திட்டிக்கொண்டிருந்த ஊர் இன்று என் முன்னால் வரிசையாகக் கவிழ்ந்தது. பின்பக்கமாகப் பார்த்தால் ஊரில் யாரையும் அடையாளம் தெரிவதில்லை. எல்லோரும் ஒன்றுபோல இருக்கிறார்கள்.

"பெரியப்பா, இன்னும் கொஞ்சம் கீழ" என்றேன்.

"முட்டி வலிக்குதுடா கேரா."

"ராஜாவைப் பேர் சொல்லிக் கூப்பிடறதா?"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் பெரியப்பா உண்மையிலேயே இன்னும் கீழே போனார். அதைப் பார்த்ததும் எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஏறியது. புதுத் திராட்சை ரசத்தில்கூட இப்படி ஏறியதில்லை.

முப்பீம் மட்டும் கடைசிவரை தலையாட்டியதோடு சரி. முதுகு வளையவில்லை.

கோதுமை அறுவடை மாதம், பதினோராம் நாள்

ராஜா இன்னும் வரவில்லை, எனவே ஒத்திகை தொடர்கிறது. ராஜா தீர்ப்புச் சொன்னால் எப்படிக் கேட்பது என்றும் பழக வேண்டுமே! ஒருவன் ஆடு காணோம் என்று வந்தான். திருடினவன் இன்னார் என்று சட்டென்று கைகாட்டினேன். ஆச்சரியம், சரியாக இருந்தது. (அவன் தாடியில் ஆட்டுமயிர் ஒட்டியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.)

"ஊர்வாசல்ல மூப்பருங்க கூடிப் பேசி முடிக்க மூணு நாளாகும். இவன் மூச்சு விடறதுக்குள்ள முடிச்சுட்டான்" என்று ஜனங்கள் வியக்கிறார்கள். முதல் அத்திக்கூடை எனக்கு வருகிறது. பழக்கத்துக்குத்தான் என்கிறார்கள். பழமும் பழுத்துத்தான் இருக்கிறது.

கோதுமை அறுவடை மாதம், பதினாலாம் நாள்

செய்துவிட்டேன்.

எங்கள் கிணற்று வழக்கை எடுத்தேன். வாதி நான், நீதி சொல்வதும் நான். இப்படி வசதியான வழக்கை நான் பார்த்ததே இல்லை. "கிணறு முழுவதும் குயவன் கேராவுக்கு" என்றேன். சிரிப்பு வரும் என்று பார்த்தால் வரவில்லை. அஷ்பேல் பெரியப்பா தரையிலிருந்தே, "அப்படியே ஆகட்டும்" என்றார்!

முப்பீம் என்னைப் பார்த்தான். "விளையாட்டுதானே மச்சான்?"

"ராஜா விளையாடுவாரா?"

இரண்டு தடியன்கள் எனக்கு ஈட்டிக்காரர்களாக நடிக்கிறார்கள். அவர்களைக் கிணற்றடியில் நிறுத்தினேன். முப்பீமின் ஆடுகள் வந்தன, திரும்பிப் போயின. ஆனால் இதையும் சொல்ல வேண்டும், அவன் போவதற்கு முன் குனிந்தான். முகம் தரையில் பட.

எவ்வளவு நாள் ஆசைப்பட்டேன் இதற்கு! இராத்திரிச் சாப்பாடு ஏனோ இறங்கவில்லை. அத்திப்பழம் அதிகமாகிவிட்டது போல.

கோதுமை அறுவடை மாதம், கடைசி வாரம்

ஹோதேஷ் என்னோடு பேசுவதில்லை. "ராஜாவே, கஞ்சி" என்கிறாள், அவ்வளவுதான். தம்பியின் ஆடுகளுக்காகக் கீழ் ஓடைக்குப் போய்த் தண்ணீர் சுமக்கிறாளாம். ராணி தண்ணீர் சுமக்கலாமா? என்ன மதிப்புக் குறைவு!

சரி, சரி. ராஜா வந்துபோனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆக வேண்டாமா? நான் என்ன நிஜமாகவா...

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள். முதலில் அத்திக்கூடை வரட்டும்.

திராட்சை மாதம், இரண்டாம் நாள்

என் கழுத்து இன்னும் உடம்போடுதான் இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலையில் ஊர் முழுக்கக் குப்புறக் கிடக்கிறது, நான் பிரிமணையோடு வீற்றிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ராஜாவின் ஆள் வந்து நின்றான். ராஜா இல்லை, அவருடைய கோவேறு கழுதைகளுக்கு இடம் பார்க்கிற அதிகாரி. பின்னால் நிஜ ஈட்டிக்காரர்கள். என் ஈட்டிக்காரர்கள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன், ஈட்டி மட்டும் கிடந்தது.

"ராஜா ஒருத்தர் இருக்கறப்ப, இங்க எவன்டா இன்னொருத்தன்?"

ஊரில் ஒரு தலைகூட நிமிரவில்லை. நான்தானே நன்றாகப் பழக்கியிருக்கிறேன்! நிமிர்ந்தது ஒரே தலை, முப்பீமுடையது. அப்போது நினைத்தேன்: இவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், முழுக் கிணறும் இவனுக்கு.

முப்பீம் முட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஐயா, இது எங்க அக்கா புருஷன். பானை வனையறவன். தலையில இருக்கறது பிரிமணை. உங்க ராஜாவுக்கு எப்படிக் குனியறதுன்னு எங்களுக்குத் தெரியல, இவனை வச்சுப் பழகிட்டிருந்தோம்."

"நிஜமாவா?"

"சந்தேகமா இருந்தா எழுந்து நிக்கச் சொல்லிப் பாருங்க."

நின்றேன். அதிகாரி என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தான். அதற்கு அவனுக்கு நேரமே ஆகவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். ஈட்டிக்காரர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததற்காக நான் ஆனந்தக் கண்ணீர் விட்டது இதுதான் முதல் தடவை.

பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நல்ல ஊரு. மத்த ஊர்ல குனிய வைக்கறதுக்குள்ள எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சுபோகுது. கூடையும் தயாரா இருக்கே! அந்தக் கிணறு யாரோடது?"

"நியாயாதிபதி தீர்ப்பு இருக்குங்க ஐயா" என்றார் அஷ்பேல் பெரியப்பா. "ரெண்டு பேருக்கும். ஆளுக்கு ஒரு நாள். பல வருஷத் தீர்ப்பு. அதை யாரும் தொடக் கூடாது."

"யாரும் தொடலையா?"

கண்கள் எல்லாம் மெதுவாக என் பக்கம் வந்தன. அதிகாரி முட்டாள் இல்லை.

"பானை வனையறவனே மாத்தலாம்னா, நான் மாத்தக் கூடாதா?" என்றான். "இன்னையிலிருந்து கிணறு ராஜாவோட கழுதைகளுக்கு. அதுங்க குடிச்சு மிச்சம் இருந்தா உங்களுக்கு. இறைக்க ஆள் வேணுமே... யார் அந்த ரெண்டு பேரு?"

நானும் முப்பீமும் ஒரே நேரத்தில் கை தூக்கினோம். வாழ்க்கையில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

"ஒரு நாள் நீ, ஒரு நாள் அவன்" என்றான் அதிகாரி. "அடுத்து என்ன?"

என் முக்காலியையும் எடுத்துப்போனான். ஆட்டுத்தோல் பிடித்திருந்ததாம்.

திராட்சை மாதம், ஒன்பதாம் நாள்

நின்றுகொண்டே பானை வனைகிறேன். எல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது.

கழுதைகள் ஓய்வுநாளிலும் குடிக்கின்றன. அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோடைக்கனி மாதம், பிறை தெரிந்த நாள்

இன்று என் முறை. கிணறு இறங்கிவிட்டது. கயிறு போய்க்கொண்டே இருக்கிறது. நாலு குடம் இறைத்ததும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால், மேட்டிலிருந்து முப்பீம் வருகிறான்.

"இன்னைக்கு உன் முறை இல்லையே" என்றேன்.

"அக்கா அனுப்பிச்சா." கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அனுப்பலேன்னாலும் வந்திருப்பேன். கழுதைங்க தாகத்தோட கத்தினா என் ஆடுங்க தூங்கறதில்ல" என்றான்.

அவன் இறைத்தான். நான் குடத்தை நிரப்பினேன். பாட்டன்மாரும் இப்படித்தான் வெட்டியிருப்பார்கள் போலிருக்கிறது: ஒருவன் வெட்ட, ஒருவன் சும்மா நிற்காமல்.

கேட்டே விட்டேன். "அன்னைக்கு ஏன்டா எழுந்து பேசினே? வாயை மூடிட்டு இருந்திருந்தா கிணறு உனக்கு."

"அப்புறம் யார்கூட மச்சான் வருஷா வருஷம் வழக்குப் போடறது?"

போன வருஷம் இதே சமயம் என்னைத் திட்டிய அதே குரல்தான். சிரிப்பு வந்தது. கழுதைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

அப்புறம் அவன் இடுப்பிலிருந்து எதையோ எடுத்தான். என் பிரிமணை. அன்றைக்கு நான் எழுந்து நின்றபோது விழுந்ததாம். அதை என் தலையில் வைத்து நிரம்பிய குடத்தைத் தூக்கினான்.

"ராஜாவே, கொஞ்சம் குனியணும்."

குனிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ."