நீலச் சட்டைக்காரிகள்

ஓல்டன்பர்க், ஜெர்மனி
பிப்ரவரி 11, 2019

அன்புள்ள கவ்ரே,

விசா வந்துவிட்டது. உனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் அழுதுவிடுகிறோம். அதனால் ஊருக்கு வருகிற மீர்ஸாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மே மாதத்துக்கு டிக்கெட் போடுகிறேன்.

வீடு சின்னதுதான், ஆனால் அடுப்பறை ஜன்னலில் வெயில் வரும். ஓட்டல் வேலை பரவாயில்லை. நம் மதத்தில் விலக்கு என்று நம் ஆட்கள் வாயில் வைக்காத லெட்யூஸ் கீரையைக் கூடை கூடையாகக் கழுவுகிறேன். சிரிக்காதே.

நீ கண்ணிவெடி எடுக்கும் வேலையில் சேர்ந்திருப்பதாக அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பொய்தானே? உன்னைப் பிடித்துப் போன அந்தத் தீவிரவாதிகளிடம் மூன்று வருடம் பட்டது போதாதா?

இன்னொன்று. இங்கே யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அத்தனை நாளும் நீ அம்மாவோடு அகதி முகாமில் இருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் நன்மைக்காகத்தான்.

உன்,
கெதிர்


சினூனி, சிங்கால் மலை
மார்ச் 3, 2019

அன்புள்ள கெதிருக்கு,

நானும் அத்தையும் நலம். மீர்ஸா கொண்டுவந்த சாக்லேட்டை அத்தை ஒளித்து வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிறார்.

பொய்யில்லை. நாங்கள் எட்டுப் பெண்கள், மலைக்குத் தெற்கே, அவர்கள் வெடி புதைத்துவிட்டுப் போன நம் ஊர் நிலத்தைத்தான் சுத்தம் செய்கிறோம். போட்டுக்கொள்ளும் கவசச் சட்டை நீல நிறம். முதல்நாள் அத்தை என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நம்ம சனத்துல யாராச்சும் நீலம் உடுத்துவாங்களாடி?" என்று கேட்டார். "உங்க புள்ள லெட்யூஸ் கழுவுறாரே அத்தை. ரெண்டும் நமக்கு விலக்குதான், சேத்து நம்ம சாமி மயில் தேவதைகிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க" என்றேன். சிரித்துவிட்டார். சட்டை மட்டும் இன்றுவரை வீட்டுக்குள் வரவில்லை.

நீங்கள் இதுவரை கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். தல் அஃபர் நகரில் அவர்களிடமிருந்து என்னை விலைக்கு வாங்கியவன் வீட்டில் செவே என்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணும் இருந்தாள். எங்கள் பெயரை மாற்றினான். நம் மொழியைப் பேசினால் அடித்தான். மாவு பிசையும்போது நானும் அவளும் நம் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்போம். அவளுக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தேன், கடைசியில் எனக்கும் அதுதான் பிடிமானம். இரண்டு முறை தப்பி ஓடி மாட்டிக்கொண்டேன். இரண்டாவது முறை மணிக்கட்டை உடைத்தான். மூன்றாவது முறை, குண்டு விழுந்து பின்சுவர் சரிந்த அன்று, இருவரும் வெளியேறினோம்.

எங்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவே ஒரு வயல், முழுக்கக் கண்ணிவெடி. மேய்ப்பன் இல்லாத ஆட்டுமந்தை ஒன்று அதைக் கடந்து போயிருந்தது. அதன் குளம்படி பதிந்த இடத்தில் மட்டும் கால் வைத்து நான் முன்னே போக, என் சால்வையைப் பிடித்துக்கொண்டு செவே பின்னே வந்தாள். அந்தப் பக்கம் ஒரு சிப்பாய் பெயரைக் கேட்டான். "கவ்ரே" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவனிடம் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.

நான் முகாமில் இருந்தேன் என்றால், அந்த வயலைக் கடந்தது யார்? வெட்கப்பட வேண்டியவன் என்னை வாங்கியவன், நான் இல்லை. முகாமில் இருந்தவளாக என்னால் அங்கே வர முடியாது. வேறு எப்படி வரலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்றும் அன்புடன்,
கவ்ரே


சினூனி
ஜூன் 20, 2019

அன்புள்ள கெதிருக்கு,

மே மாதம் போய்விட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமாகவே இருங்கள், ஆனால் இதைப் படித்துவிடுங்கள்.

நம் வீட்டு நிலைப்படிக்குக் கீழே கண்ணிவெடி ஒன்று இருந்தது. கண்டுபிடித்தவள் நான்தான். வேறொருத்தியை அனுப்பட்டுமா என்று குழுத் தலைவி கேட்டாள். என் வீட்டு வாசல், நானே எடுக்கிறேன் என்றேன். மண்ணைத் தூரிகையால் மெல்லத் துலக்கி வெளியே எடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். செவே தண்ணீர் கொடுத்தாள். ஆமாம், அவளும் இப்போது எங்கள் குழுவில்தான்.

நேற்று சுத்தம் செய்து முடித்த ஊரை ஒப்படைத்தோம். மலையிலிருந்து வண்டி வண்டியாக ஜனம் வந்து எல்லையில் நின்றது, யாரும் உள்ளே வரவில்லை. "பொம்பளைங்க தேடின நெலத்துல என் ஆடுகூட கால் வைக்காது" என்றார் ஆடு மேய்க்கும் சலோ பெரியப்பா. எட்டுப் பேரும் தோளோடு தோள் சேர்ந்து, ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, தெரு, களம், பள்ளிக்கூடம் என்று ஓரிடம் விடாமல் நடந்து காட்டினோம். திரும்பி வந்தபோது முதலில் ஓடிவந்தவர் அத்தை. என்னை நீலச் சட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்புறம் பெண்கள் எல்லோரும் கை கோத்து ஆட ஆரம்பித்தார்கள். புழுதி அடங்கவே இல்லை. சலோ பெரியப்பாவின் ஆடுகள் அவருக்கு முன்பே களத்துக்குப் போய்விட்டன.

நம் வீட்டுக் கூரை போய்விட்டது. சுவர் நன்றாக இருக்கிறது.

கவ்ரே


ஓல்டன்பர்க்
ஆகஸ்ட் 5, 2019

என் கவ்ரே,

உன் இரண்டு கடிதங்களும் என் சட்டைப்பையிலேயே இருந்தன. பதில் எழுத உட்காரும்போதெல்லாம், உன்னைப் பிடித்துப் போன அன்று நான் தொலைவில் எர்பில் நகரில் செங்கல் சுமந்துகொண்டிருந்தது ஞாபகம் வரும். பேனாவை வைத்துவிடுவேன். உன் நன்மைக்கு என்று சொன்ன பொய், என் நன்மைக்குச் சொன்னது.

முந்தாநாள், நம் மக்களைக் கொன்று குவித்த நாளின் நினைவுக் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. இறந்தவர்களின் பெயர்களை வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன். "எம் பொண்டாட்டி பேரு கவ்ரே. அவ முகாம்ல இருந்தான்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மூணு வருஷம் அவனுங்க பிடிச்சு வச்சிருந்தாங்க. அவளே தப்பிச்சு வந்தா, இன்னொரு பொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்தா. இப்போ எங்க ஊருல கண்ணிவெடி எடுக்குறா" என்றேன்.

உட்கார்ந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வருடக்கணக்காக என் பக்கத்துத் தெருவில் இருப்பவள். தன் பெயரைச் சொன்னாள், தன்னை எந்த ஊரில் வைத்திருந்தார்கள் என்று சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஒரு தாயும் மகளும், கையைப் பிடித்துக்கொண்டு. யாரும் தலை குனியவில்லை, கவ்ரே. கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள்தான் குனிந்திருந்தோம்.

வாசலில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கத்துத் தெருப் பெண் குறுக்கிட்டாள். "அண்ணே, நீங்க இருங்க. அண்ணி நம்பரைக் குடுங்க, நாங்க அவங்ககிட்டதான் பேசணும்" என்றாள்.

கொடுத்துவிட்டேன். போன் வந்தால் எடு. நான் செப்டம்பரில் வருகிறேன். முதல் வேலையாகக் கூரை போடுவோம்.

உன்,
கெதிர்