ராசம்மாளின் புருவம்

கடலூர் முதுநகர்,
9.5.2010

அருமை மகள் அமராவதிக்கு,

இங்கே நான் பேச, உன் அம்மா கேட்க, வழக்கம்போல் குடும்பம் நடக்கிறது. போன் பண்ணாதே என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பக்கவாதம் வந்து பேச்சுப் போனதிலிருந்து, போன் மணி அடித்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். கடிதமென்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நான் படிக்கப் படிக்கக் கேட்கிறாள். நடுநடுவே என் சொந்தச் சரக்கையும் சேர்த்துப் படிப்பதால் உன் கடிதங்கள் படுசுவையாக இருக்கின்றன.

ஊர் வம்பு ஒன்று. மங்கலம் மகன் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் மொத்தமும் பாயசமாகிவிட்டது. ஐஸ் பேக்டரி மேஸ்திரி நான் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி! எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

பொங்கல் லீவில் கேமரா வைத்துப் படம் எடுத்துப் போனாயே, கம்ப்யூட்டர் அம்மாவின் முகத்தைப் படித்துவிட்டதா? அதற்கு ஏன் அந்த வீண் சிரமம்? கல்யாணமான நாளாக அந்த முகத்தை நான் படிக்கிறேன். உதடு கோணினால் காப்பி. கண் சுருங்கினால் ஃபேன் போட வேண்டும். "துறைமுகத்துக்குப் போலாமா ராசு?" என்று கேட்டால் இடது புருவம் ஏறும். அது பயம். மீன் ஏலம் கூறிக் கூறியே பேர் வாங்கினவள், குரல் இல்லாமல் அங்கே எப்படிப் போய் நிற்பாள்? அதனால் நான் கூட்டிப் போவதில்லை.

உன் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்கச் சொல்.

உன் அப்பா,
சிங்காரம்

* * *

சிதம்பரம்,
20.5.2010

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மட்டும் சொந்தச் சரக்கு சேர்க்காமல் படியுங்கள்.

புருவம், இமை, உதட்டோரம் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் புள்ளி வைத்துக்கொள்ளும். புள்ளிகள் நகர்வதைப் பார்த்துக் கோபம், பயம், மகிழ்ச்சி என்று பெயர் சொல்லும். அம்மாவின் புருவத்தை அது 'ஆச்சரியம்' என்கிறது. நீங்கள் பயம் என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. 'தெரியவில்லை' என்றுதான் குறித்து வைத்திருக்கிறேன்.

வேறொன்று தெரிந்தது அப்பா. நீங்கள் கேட்டு முடித்ததும் அம்மாவின் உதட்டுப் புள்ளிகள் அசைய ஆரம்பிக்கின்றன. உடனே உங்கள் குரல்: "வேணாமா? சரி, வேணாம் வுடு." புள்ளிகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் இதேதான். அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது. சொல் வந்து சேரத்தான் நேரமாகிறது. அது வருவதற்குள் நீங்களே பதிலும் சொல்லிவிடுகிறீர்கள்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. கீரப்பாளையத்தில் இன்னொருவர் வீட்டுக்கும் போய் வருகிறேன். அவருக்கும் பேச்சுப் போய்விட்டது. அவர் மனைவியும் இப்படித்தான் அன்பிலேயே முந்திக்கொள்கிறார். என் ஆராய்ச்சியில் பாதி இதைப் பற்றித்தான்.

ஜூலையில் மைசூரில் கருத்தரங்கு. அங்கே இந்தப் பதிவைக் காட்ட ஆசை. நீங்களும் அம்மாவும் சம்மதித்தால்தான் காட்டுவேன்.

அதுவரை ஒரு வைத்தியம். இப்போது பண்ருட்டிப் பலா வரும் காலம். கேள்வி கேட்டவுடன் முழுச்சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மென்று முடிக்கும்வரை பேச முடியாது.

அன்புடன்,
அமராவதி

* * *

கடலூர் முதுநகர்,
26.5.2010

அமராவதிக்கு,

ஊருக்குள் வாயாடி என்று பேர் வாங்கினது போதாதா? மைசூர்வரைக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை. ஆராய்ச்சி என்பது அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிச் செய்வது.

உன் கடிதத்தை ஒரு சொல் கூட்டாமல் படித்தேன். அதைக் கேட்டுவிட்டு உன் அம்மா சிரித்தாள். அதைப் படிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

சிங்காரம்

பி.கு.: பலாப்பழம் வாங்கியிருக்கிறேன். சாப்பிடுவதற்கு மட்டும்.

* * *

கடலூர் முதுநகர்,
14.6.2010

என் கண்ணு அமராவதிக்கு,

சர்க்கரை ஏறினால் ஆஸ்பத்திரிச் செலவு உன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் திரும்பின அன்றைக்கு, "துறைமுகத்துக்குப் போலாமா ராசு?" என்று கேட்டுவிட்டுச் சுளையைப் போட்டுக்கொண்டேன். புருவம் ஏறியது. 'சரி, வுடு' என்பது தொண்டைவரை வந்தது; சுளை வழிவிடவில்லை. கன்னம் உப்பியபடி குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. "போ..." என்றாள். கொட்டையைக்கூடத் துப்பாமல் காத்திருந்தேன். "...லாம்" என்றாள்.

போனோம். இப்போது உன் அம்மாவிடம் தொழில் கற்ற கொளஞ்சியம்மாள்தான் அவள் இடத்தில் ஏலம் கூறுகிறது. ஒரு கூடை வஞ்சிரம். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு மூணாவதுக்கு வாயைத் திறந்தது, உன் அம்மாவைப் பார்த்தது, அப்படியே நின்றுவிட்டது.

"யோவ் வியாபாரி! அக்கா புருவத்த ஏத்திடுச்சி பாரு. ஏத்துய்யா வெலைய!"

"அட, அக்கா வந்துட்டாங்களா? அப்ப நம்ம கத முடிஞ்சிது" என்று வியாபாரி சிரித்துக்கொண்டே ஏற்றினான். புருவம் இறங்கியது. ஏலமும் முடிந்தது.

"ஏம்மா, அது பயமில்லயா?" என்று கேட்டேன்.

"பயமா! நல்லா கேட்ட போ அண்ணே. ஏலம் கூறச்சொல்ல வெல பத்தலன்னா அக்கா வாயத் தொறந்து கேக்காது, புருவத்தத்தான் ஏத்தும். அது புருவம் எறங்குற வரைக்கும் ஏத்தணும். இந்தத் தொறைமுகத்துல காக்காவுக்குக்கூட தெரியுமே!"

எனக்குத் தெரியாது. ஏலம் நடக்கிற நேரத்தில் நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பேன். உன்னையும் 'படிக்கிற புள்ளைக்கு இங்க என்னா வேல' என்று அவள் கிட்டேயே விட்டதில்லை. வீட்டில் அந்தப் புருவம் ஏறும்போதெல்லாம் நான் கேள்வியை மூட்டைகட்டியிருக்கிறேன். பாவி, அவள் இன்னும் கேள் என்றிருக்கிறாள்!

இப்போது தினமும் போகிறாள். குரல் கொளஞ்சியம்மாளுடையது, புருவம் உன் அம்மாவுடையது. துறைமுகத்தில் நிற்கிற ஒருத்தரையும் விடாமல், "எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கு மூஞ்சி படிக்கக் கத்துக்குடுக்குறா" என்று பீற்றிக்கொண்டிருந்தேன். உன் அம்மா கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். எல்லாரும் பார்க்க, மெதுவாக, தானே சொன்னாள்: "எம்... பொண்ணு."

சுளையே இல்லாமல் நான் பேச்சற்று நின்றது அன்றைக்குத்தான்.

மைசூரில் காட்டலாமா என்று அவளிடம் கேட்டேன். "காட்டு" என்றாள். எனக்கும் சம்மதம். அந்தப் புருவத்துக்கு என்ன பெயர் என்று அங்கே கேட்பார்கள். 'ஏத்து' என்று சொல், எழுதியும் வை. அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டால், வாயில் சுளை இருக்கிறது என்று சொல்.

உன் அம்மாவின் புருஷன்,
சிங்காரம்