ஆறு சென்டிமீட்டர்க் கம்பிக்கு முடிவு உண்டு

அனுப்புநர்
சா. நீலாம்பாள்,
பி.எஸ்ஸி. இறுதியாண்டு,
பழவங்காடி அருகில், கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

பெறுநர்
பரீட்சை மேலதிகாரி அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: பௌதிகத் தாளின் ஏழாம் கேள்விக்கு எழுதிய சரியான விடை அடிக்கப்பட்டது பற்றியும், மறுமதிப்பீடு கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கேள்வி இது: ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள நேர்க்கம்பி, சென்டிமீட்டருக்குப் பத்து அலகு மின்னூட்டம். கம்பியின் நடுவுக்கு நேரெதிரே நாலு சென்டிமீட்டர் தள்ளி மின்புலம் எவ்வளவு? மூன்று அலகு என்று எழுதினேன். பரீட்சகர் திரு. சுந்தரராமன் அவர்கள் பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ஐந்து என்று எழுதிப் பூஜ்யம் போட்டிருக்கிறார்.

2. ஐந்து என்பது முடிவில்லாமல் நீளும் கம்பிக்குரிய விடை. பாடப்புத்தகத்தில் அந்த ஒரு சூத்திரமே இருக்கிறது. வகுப்பில் நாங்கள் மனனம் செய்ததும் அதுவே. கேள்வியில் வந்த கம்பியோ ஆறு சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. ஆகவே அதைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் உண்டாக்கும் மின்புலத்தைத் தனியே எழுதினேன். கம்பியின் திசையில் அமையும் பகுதிகள் இரு பாதிகளிலிருந்தும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். செங்குத்தான பகுதிகளை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொகையீடு செய்தேன். மூன்று வந்தது. கம்பியை அறுபது சென்டிமீட்டர் ஆக்கினால் விடை ஐந்தை நெருங்குவதையும் கீழே காட்டியிருந்தேன். அந்த வரியின் மீதும் சிவப்புக் கோடு.

3. நாலு மதிப்பெண் குறைந்ததால் தோற்றேன். சென்ற வாரம் தங்கள் அலுவலகத்தில் எனக்கு விடைத்தாளைக் காட்டியபோது பரீட்சகரும் இருந்தார். கேள்வியில் நீளம் கொடுத்திருப்பதைச் சுட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "புஸ்தகத்துல இருக்கறதை எழுதினா என்ன? இத்தனை நீளக் கணக்கை உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். எனக்கு ஒருவரும் எழுதித் தரவில்லை. அங்கேயே போர்டில் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். சாக்குக்கட்டி தர மறுத்துவிட்டார்.

4. வெளியே வந்ததும் குமாஸ்தா திரு. அழகியநம்பி நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார்: "தப்பாயிட்டுன்னு ஒரு மாப்பு எழுதித் தந்தா மதி அம்மா, அது போதும். கருணையில நாலு மார்க்கு கிட்டும்." வித்துராவில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள்; அடுத்த மாதத்துக்குள் பட்டம் இல்லையென்றால் அது போய்விடும். என் தகப்பனார் மன்றாடியதால் அந்த மன்னிப்புக் கடிதத்துக்குக் காகிதமும் எடுத்தேன். "என் விடை தவறு" என்று எழுதக் கை வரவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

5. ஐந்து என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஒன்றும் குறைக்கச் சொல்லவில்லை. கற்பித்ததையே அவர்கள் எழுதினார்கள்.

ஆகவே, என் விடைத்தாளை வேறொரு பரீட்சகரைக் கொண்டு திருத்தச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐயமிருந்தால், எந்த நீளமும் எந்தத் தூரமும் கொடுத்துத் தங்கள் முன்னிலையில் என்னைக் கணக்கிடச் சொல்லலாம். கருணை மதிப்பெண் போட்டு மட்டும் என்னைத் தேற்ற வேண்டாம். அப்படி வரும் பட்டத்தை வாங்க நான் வரமாட்டேன்.

தயவை அல்ல, தீர்ப்பை எதிர்பார்க்கும்,
சா. நீலாம்பாள்
(கையொப்பம்)

இடம்: திருவனந்தபுரம்
நாள்: கொல்லம் 1118 மிதுனம் 9 (23-6-1943)