ஆன்றோ குழல் மாற்றும் இடம்

கோட்டாறு
7.10.2024

அன்புள்ள தம்பி ஆன்றோவுக்கு, கிரேசி மைனி எழுதுவது.

நேற்று ஞாயிறு ஒத்திகைக்கு வந்தவர்கள்: வயலின் பத்துப் பேர், கிளாரினெட் எபிசன், புல்லாங்குழல் ஸ்மைலின், டிரம்பெட் இரண்டு பேர், பெரிய டிரம் தாணுமாலயன் அண்ணாச்சி, கையசைத்து நடத்த என் மகள் ரெஜிஷா, டீ போட நான். ஆகப் பதினேழு. டீக் கணக்கு என்னிடம் இருப்பதால் ஆள் தப்பாது.

உன் அண்ணன் ஈஸ்டருக்கு முன்னால் என்னையும் பிள்ளையையும் விட்டு ஆண்டவரிடம் போன பிறகு, அவர் உண்டாக்கிய ஊர் ஆர்கெஸ்ட்ரா கூடியது இதுதான் முதல் தடவை. அடக்கத்துக்கு உன் வீட்டுக்காரி ஸ்மிதாவை அனுப்பினாய், நீ வரவில்லை. குறை சொல்லவில்லை தம்பி, மனதில் இருப்பதைச் சொன்னேன். போனில் கூப்பிட்டால் "மைனி, வேலையில நிக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ரெனிஷ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன் எழுதிய மாதா பாட்டைத்தான் எடுத்தார்கள். நடுவில் ஓரிடத்தில் எல்லோரும் ஒன்றுபோல நிறுத்திவிட்டார்கள். ரெஜிஷாவின் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"அக்கா, அது பாட்டுல உள்ளதுதானே?" என்றாள் ஸ்மைலின்.

ரெஜிஷா தன் அப்பா கைப்பட எழுதிய தாளைப் புரட்டினாள். நிறுத்தம் எதுவும் இல்லை.

"நான் இருபது வருசமா நிறுத்துதேன் மக்கா, தாளைக் கேட்டா நிறுத்துதேன்?" என்றார் அண்ணாச்சி.

அது என்ன இடம் என்று உனக்குத் தெரியும். அப்போது ஆள் கிடையாது. கிளாரினெட்டும் நீ, புல்லாங்குழலும் நீ. ஒன்றைக் கீழே வைத்து மற்றதை எடுக்கும் வரை அண்ணன் கையைத் தூக்கியபடி நிற்பார். திருவிழாக் கச்சேரியில் ஒரு தடவை மைக்கிலேயே, "எங்க ஆன்றோ குழல் மாத்துதான், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லப்போய் கூட்டம் சிரித்தது. அந்த மாசமே நீ மஸ்கட் போனாய். அதற்குப் பிறகு லீவுக்கு வந்தாலும் எங்கள் தெருவில் காலை வைப்பதில்லை.

நீ போனபின் இரண்டு குழலுக்கும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அப்புறமும் அவர் அந்த இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். "இனி என்னத்துக்குக் கையைத் தூக்குதிய?" என்று கேட்டேன். "அவன் திரும்பி வந்தா எடம் வேணும்லா" என்றார். சிறுசுகளுக்கு இந்தக் கதை தெரியாது. பாட்டே அப்படித்தான் என்று படித்துக்கொண்டார்கள்.

டிசம்பர் முதல் தேதி திருவிழாக் கச்சேரி. நிறுத்தத்தை வைத்துக்கொள்ளவா, எடுத்துவிடவா என்று ரெஜிஷா கேட்கிறாள். அது உன் இடம், நீயே சொல். உனக்காகத் தினமும் செபமாலை சொல்லுகிறேன்.

மைனி
கிரேசி

மஸ்கட்
25.10.2024

மதிப்புக்குரிய மைனிக்கு, ஆன்றோ எழுதுவது.

ரெனிஷ் கடிதத்தையும் நீங்கள் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தையும் தந்தான். முதலில் தின்றேன். பிறகு படித்தேன். முறை மாறியிருந்தால் முந்திரிக்கொத்து இறங்கியிருக்காது.

அண்ணன் மைக்கில் சொன்ன அன்று முன்வரிசையில் ஸ்மிதா வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். பெண் பார்த்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. என் மாமனார் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அண்ணன் என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார் என்றே இத்தனை வருஷமும் நினைத்தேன். அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற கதையை யாரும் சொல்லவில்லையே.

ரெஜிஷாவிடம் எடுத்துவிடச் சொல்லுங்கள். எனக்காக ஒரு ஊரே நிற்க வேண்டாம். டிசம்பரில் லீவு உண்டு. ஆனால் குழலைத் தொட்டு வெகு காலமாகிறது. எந்த முகத்தோடு வருவேன்?

உங்கள்
ஆன்றோ

கோட்டாறு
4.11.2024

அன்புள்ள ஆன்றோவுக்கு,

நீ சொன்னபடியே நேற்று நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னாள் ரெஜிஷா. வயலின்காரர்களில் பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் ஓடினார்கள். எபிசன் தனியாக எங்கோ போய்ச் சேர்ந்தான். அண்ணாச்சியின் டிரம் அடி மட்டும் கடைசியில் தொம் என்று விழுந்தது. "ஏலே, நான் எந்தப் பாட்டுல நிக்கேன்?" என்று அவர் கேட்க, எனக்கு டீச் சட்டியைப் பிடிக்க முடியாத சிரிப்பு. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே கூத்து. அந்த நிறுத்தத்தை இனி யாராலும் எடுக்க முடியாது தம்பி, உன்னாலும்தான்.

ஸ்மிதாவும் வந்திருந்தாள். உன் கடிதத்தைக் காட்டினேன், கோபிக்காதே. படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னைக்கு அப்பாவைவிட நான்தான் மைனி கூடச் சிரிச்சேன். ரெண்டு குழலையும் வச்சுக்கிட்டு இவரு பட்ட பாட்டைப் பாத்துத்தான் சம்மதம்னு வீட்டுல சொன்னேன். இவரு அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாரே, எப்பிடிச் சொல்ல?"

கல்லறைத் திருநாளன்று அண்ணனுக்கு மெழுகுதிரி ஏற்றி, முகத்தைப் பற்றி நீ கேட்டதையும் சொன்னேன். உயிரோடு இருந்தால் "வாய் இருக்குதா, அது போதும்" என்றிருப்பார்.

அந்த இடம் முடிந்து வரும் குழல் பாகத்தை ஸ்மைலின் உனக்கே விட்டுத் தருகிறாள். உன் பழைய குழல் இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் போடச் சொல்லியாயிற்று, அதுவரை எபிசனோடு சேர்ந்து நீ வாசிக்கும் கிளாரினெட்டை இறக்கி வைக்க. நீ எடுக்கும் வரை ரெஜிஷா கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாளாம். ஆனால் அப்பாவின் பொறுமை அவளுக்குக் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

டீக் கணக்கில் பதினெட்டு என்று எழுதிவிட்டேன். எந்தத் தேதி விமானம் என்று சீக்கிரம் பதில் போடு.

மைனி
கிரேசி