பாதிப் பெயர் கிடைத்த பூ

இன்று காலை சேப்பங்கிழங்கை நறுக்கும்போது கை தானாக நின்றது. வெங்காயம் என்றால் ஏடு ஏடாகப் பிரியும். இது உள்ளே முழுக்க ஒரே கெட்டி. இந்த ஒரு வித்தியாசத்துக்காக நாம் இரண்டு பேரும் ஒரு ஆடி மாதம் அலைந்தோமே, அது நினைவுக்கு வந்துவிட்டது. குழம்பு கொஞ்சம் தாமதமாகட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போன இடத்துக்குத் தபால் இல்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். விவேக் நகர்ப் பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சர், நான் சயன்ஸ் டீச்சர். சாயங்காலம் தொம்மலூருக்குப் புல்வெளியில் குறுக்கே நடந்துதான் வீடு திரும்புவோம். அன்றைக்கு என் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாய். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். புல்லோடு புல்லாக மெல்லிய இலை, நுனியில் கத்தரிக்காயை விடக் கறுத்த சின்னப் பூ, ஒல்லியாக ஆறு இதழ். சுற்றிச் சுற்றித் தேடியும் வேறொரு செடி கண்ணில் படவில்லை.

இது என்ன பூ என்று கேட்டாய். சயன்ஸ் டீச்சருக்குத் தெரியவில்லை. லில்லி ஜாதியாக இருக்கலாம் என்று இழுத்தேன். உன் சிரிப்பிலேயே என் மானம் போயிற்று.

செடிகளுக்குப் பெயர் கண்டு சொல்லும் ஒரு அதிகாரியைத் தேடிப் போனோம். நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு, மண்ணுக்கடியில் இருப்பது வெங்காயம் மாதிரியா, கெட்டிக் கிழங்கா என்று அவர் கேட்டார். அதைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாதாம். வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்தால் காயவைத்து, தாளில் ஒட்டி, இந்த ஊரில் இது உண்டு என்று அலமாரியில் வைத்துவிடலாம் என்றார். எனக்கு ஆசை பொங்கியது.

மறுநாள், வேர்க்கடலை முற்றிவிட்டதா என்று செடியைப் பிடுங்காமல் ஓரமாகக் கிளறிப் பார்ப்பார்களே, அதே மாதிரி பார்க்கலாம் என்றாய். ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, கொண்டை ஊசியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாய். பழுப்புத் தோலுக்குள் வழவழவென்று ஒரு குட்டிக் கிழங்கு. அதை ஒட்டிக்கொண்டு, போன வருஷத்துக் கிழங்கு சுருங்கிக் கிடந்தது. ஏடு என்பதே இல்லை. நான் அவசரமாக வரைந்தேன். நீ மண்ணை மூடி, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி தட்டிவிட்டாய். உன் புடவையில் சேறு, என் முகத்தில் சிரிப்பு.

படத்தைப் பார்த்து அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஃபிஜீனியா" என்றார். அது குலப் பெயர்தானாம். அதில் எந்த வகை என்று சொல்லச் செடியே வேண்டும், இந்தப் பக்கம் அபூர்வம், இடம் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டாய். கணக்கு டீச்சருக்கு மறதி என்றால் யார் நம்புவார்கள்?

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். மீதிப் பெயர் தெரிய வேண்டாமா, நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்று சண்டை போட்டேன்.

"தோண்டினா பேரு வரும்டி, அடுத்த வருஷம் பூ வராது" என்றாய்.

அடுத்த வருஷம் வந்தது. அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதே சண்டை. பிறகு அங்கே அஸ்திவாரம் தோண்டினார்கள். இப்போது அந்த இடத்தில் ஆபீஸ் கட்டடங்கள். தொம்மலூரில் அந்தப் பூ இருந்ததற்கு எந்த அலமாரியிலும் ஒரு தாள்கூட இல்லை.

அன்றே பிடுங்கிக் கொடுத்திருக்கலாம் என்று சில நாள் உன்மேல் கோபம் வருகிறது. பிடுங்கியிருந்தால் அத்தனை மழைக்கால நடையும் நமக்கு இருந்திருக்காதே என்று உடனே நீ பதில் சொல்கிறாய். நீ போன பிறகு உன் பக்கத்தையும் நானேதான் பேச வேண்டியிருக்கிறது. அப்படியும் நீதான் ஜெயிக்கிறாய்.