ஓய்வெடுக்கும் ஆறு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கோபம்தான் தீரவில்லை.

இங்கே ஒரு மண்டபச் சுவரில், யூதர் கதையில் வரும் சம்பாத்தியோன் ஆற்றை வரைகிறோம். ஆறு நாள் கற்களை உருட்டிக்கொண்டு ஓடிவிட்டு, ஏழாம் நாள் அசையாமல் ஓய்வெடுக்குமாம். அந்த ஓய்வு நாளை வரையத்தான் எங்கள் விடுமுறையைப் பிடுங்கிக்கொண்டார் மேஸ்திரி.

"ஆத்துக்கே லீவு உண்டு, எங்களுக்குக் கிடையாதா?" என்று கேட்டேன்.

"அது சாமி விட்ட ஆறு. நீ, நான் கூட்டிட்டு வந்த ஆளு" என்றார்.

முதுகுக்குத் தைலம் அனுப்புங்கள். தேய்த்துவிட ஆளில்லை, எட்டியவரை நானே தேய்த்துக்கொள்வேன்.

ஆற்றங்கரையில் ஒருவன் காலை நீட்டித் தூங்குவதாக வரைந்துவிட்டேன். மூக்கு அப்படியே என் மூக்கு. மேஸ்திரி இன்னும் கவனிக்கவில்லை.

இதோ, கூப்பிடுகிறார். நான் எழுந்து போகவேண்டும். சுவரில் இருப்பவன் போகமாட்டான்.

உங்கள் மகன்