முக்கால் அங்குலம்

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதுவது. நீ நல்லபடியாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் படி. இங்கே அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் சுகம். முதலில் என்னை மன்னித்துக்கொள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசும்போது இப்படிப் பக்கம் பக்கமாக எதற்கு என்று உனக்குச் சிரிப்பு வரும், இல்லை யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயம் வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். துணி துவைக்க என்ன பவுடர் போடுகிறாய் என்று நேற்றுக் கேட்டேனே, அது இதற்குப் பதிலாகக் கேட்டதுதான். தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் தைரியம் வரட்டும்.

அப்பாவுக்கு இப்போது புதிதாகக் கட்டிய பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்துவிட்டு வீட்டில் மாடிப்படி ஏற மட்டும் மூச்சு வாங்குகிறது என்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. என் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமை மாடியிலிருந்து கீழே மாற்றிவிட்டார்கள், இப்போது என் மேசைக்கு எதிரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. புது மேலாளர் வந்து, பழைய ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையை மற்றவர்களுக்கு யார் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன். ஆமாம், நான்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, கை தவறித் தூக்கிட்டியா என்றார்.

அந்தக் கை எங்கே தூக்கப் பழகியது என்பதுதான் இந்தக் கடிதம். உனக்குத் தெரியும், என் பிறந்த வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் நான். அதனால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள், ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேனே தவிர, எனக்கென்று ஒரு வரி எழுதக் கூச்சம், நாலு பேர் கூடிய இடத்தில் பேச அதைவிடக் கூச்சம். நீ ஆறாவது படிக்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு தையல் குழுவைக் கண்டுபிடித்தேன். தையல் மேசை என்று பெயர். அவரவர் வெட்டுவதையும் தைப்பதையும் படம் வரைந்து போட்டு, சந்தேகம் கேட்டு, சண்டை போட்டுக்கொள்வார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நடத்துகிறவர் பஸ் டிரைவர், சீட்டு உறை தைக்க ஆரம்பித்துத் தையலுக்கு வந்தவர், அதனால் ஸ்டியரிங். பட்டன் ஓட்டை தைப்பதில் கெட்டிக்காரிக்குக் காஜா. எதைப் போட்டாலும் குறை சொல்கிறவருக்குக் கத்திரி. நான் ஏழு மாதம் ஒன்றும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பிறகு ஓரத்தையல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் இருக்கிறவளுக்கு அதுதானே பொருத்தம். கம்ப்யூட்டருக்குள்ள உட்கார்ந்து துணி தைக்கிறாளாம் என்று அத்தை பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

ஏழு மாதம் கழித்து நான் கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றியது. இதைத்தான் நான் உன்னிடம் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் உன் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதை நான் பார்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வளர வளரப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாம் மூன்று பேரும் ஆட்டோவில் திரும்பி வந்தோம், வழியில் அப்பா மழையைப் பற்றிப் பேசினார், அதன் பிறகு வீட்டில் உன் தோளைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் கடையில் வாங்கிய யூனிஃபார்ம் சட்டை உன் இடது பக்கத்தில் மடிந்து நிற்கும், காலர் ஒரு பக்கமாக நகரும், நீ பை வாரை அந்தத் தோளிலேயே மாட்டி அதை மறைப்பாய். ஒரு தடவை கண்ணாடி முன்னால் காலரை இழுத்து நடுவில் வைத்தாய், கையை எடுத்ததும் அது திரும்ப நகர்ந்தது, நீ மறுபடி இழுத்தாய். நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். அன்றைக்குத்தான் எழுதினேன், பதினொரு வயதுப் பிள்ளை, ஒரு தோள் முக்கால் அங்குலம் இறக்கம், சட்டை எப்படி வெட்டுவது என்று. உன் பெயரோ படமோ கொடுக்கவில்லை, அளவுகள் மட்டும்தான். இருந்தாலும் உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் பேசியது தப்புதான். அதற்கு ஒரு மன்னிப்பு, முதலில் கேட்டது இதில் சேராது.

இறங்கிய தோளில் பஞ்சு வைத்து உயர்த்திவிடு என்று பாதிப் பேர் சொன்னார்கள். கத்திரிதான் சீறியது. பிள்ளையை வெயிலில் பஞ்சு மூட்டை சுமக்க வைக்கப் போகிறாயா, உடம்பில் கை வைக்காதே, துணியில் கை வை என்று எழுதியது. பிறகு அத்தனை பேரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இரண்டு தோளையும் ஒரே மடிப்பில் வெட்டாமல் தனித்தனியாக வெட்டுவது, இறங்கிய பக்கம் தோள் சரிவையும் கைக்குழியையும் சேர்த்து முக்கால் அங்குலம் இறக்குவது என்று முடிவானது. நான் கொடுத்த அளவை வைத்து ஏழு பேர் ஏழு ஊரில் பழைய போர்வையில் வெட்டிப் பார்த்தார்கள். ஏழும் தப்பு. ஏனென்றால் நான் உனக்கு எதிரில் நின்று அளவெடுத்தேன், என் கைப்பக்கத்தைப் பார்த்து எழுதினேன், உன் இடதை வலது என்று எழுதிவிட்டேன். நானும் அதே கணக்கில் நல்ல துணியில் தைத்து உனக்குப் போட்டும் பார்த்தேன், வலது பக்கம் இறுக்கி, இடது பக்கம் இரண்டு மடங்கு மடிந்து நின்றது. நீ கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாய். அந்தச் சட்டையை மடித்து வைத்ததுபோல வேறு எதையும் நான் அவ்வளவு கவனமாக மடித்ததில்லை.

குழுவில் உண்மையைச் சொன்னேன். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது, திட்டு வாங்கிக்கொண்டே போகலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு போர்வை போச்சு, குளிர்காலத்துக்கு ஓரத்தையல் வீட்டுக்கு எல்லாரும் வருகிறோம் என்று காஜா எழுதினாள். ஸ்டியரிங் உடனே ஒரு விதி போட்டார், இனி அளவு கொடுக்கும்போது போட்டிருப்பவரின் இடதா பார்ப்பவரின் இடதா என்று குறிக்காமல் யாரும் எழுதக்கூடாது. அதற்கு ஓரத்தையல் விதி என்று பெயர். உன் அம்மா பெயரில் ஒரு விதி இருக்கிறது குட்டி, சிரிக்காதே. நானே இதற்குள் நூறு பேருக்காவது பதில் சொல்லியிருப்பேன், அதட்டிக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குழுதான் இந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூடுகிறது. குழுவின் இணையப் பக்கத்தைத் தாங்கி நின்ற கம்பெனி பழையவற்றை எல்லாம் நிறுத்துகிறதாம், வேறு இடத்துக்கு மாற்ற ஸ்டியரிங்குக்கு இனி தெம்பில்லை, வந்து போகிறவர்களும் ஒன்பது பேர்தான். நேற்று மத்தியானம் ஒன்பது பேரும் முதல் தடவையாகப் போனில் ஒன்றாகப் பேசினோம். கத்திரியை நான் பன்னிரண்டு வருஷமாக அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வணக்கம் என்று கனமான ஆண் குரல் வந்தது, ஆள் பல் செட் செய்கிறவராம். எனக்கு உயிரே போய்விட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீ அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாயே, கெடுப்பானேன், அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். நான் நாலு நிமிஷம் பேசினேன், தாளைப் பார்க்காமல். அழவில்லை. பக்கம் போனால் போகட்டும், வெட்டுப் படங்களை எல்லாம் நான் எடுத்து வைத்துவிட்டேன், கற்றது கையில் இருக்கிறது, அடுத்த மாதம் முதல் காஜாவும் நானும் போனில் கோட்டுக் காலர் பழகப்போகிறோம்.

ஒரு விஷயம்தான் பாக்கி. அங்கே முதல் நாளிலிருந்து ஒரு வழக்கம், கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, போட்டுப் பார்த்தது எப்படி இருந்தது என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகுதான் அந்தக் கேள்விக்கு முடிச்சுப் போடுவார்கள். மூடும் முன்னால் ஸ்டியரிங் தேடிப் பார்த்ததில் ஆயிரத்து நானூறு கேள்விகளில் முடிச்சுப் போடாதவை ஆறு. ஐந்துக்குப் பதில் வந்துவிட்டது. மிச்சம் ஒன்று என்னுடையது. பன்னிரண்டு வருஷமாகச் சட்டையை ஹேங்கரிலேயே தொங்கவிட்டிருக்கிறாள் என்று அக்கா, அதாவது கத்திரி, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டார். ஊருக்கெல்லாம் அதட்டிப் பதில் வாங்கியவள் நான். நன்றாக இருந்தது என்று அன்றைக்கே எழுதியிருக்கலாம், பொய்யா மெய்யா என்று யாருக்குத் தெரியப் போகிறது. எனக்கு எழுத வரவில்லை. சரியான பக்கம் வெட்டிய இரண்டாவது சட்டையை நீ போட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் பள்ளிக்குப் போய்விட்டாய், நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் உன் தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே. பள்ளி முடியும்வரை அதே வெட்டில் வருஷம் மூன்று சட்டை தைத்தேன், நீ எல்லாவற்றையும் போட்டாய். கல்லூரிக்குப் போன முதல் மாதமே கடையில் ரெடிமேட் வாங்கிக்கொண்டாய். அது ஆசைக்கு வாங்கியதா, என் சட்டையிலிருந்து தப்பிக்க வாங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, நேரமாகிறது, அத்தை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார், என்ன பரீட்சையா எழுதறே என்கிறார். நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலை எல்லாம் உன் கைக்கு அடங்க வேண்டும், போகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, அவர் தனியாக எழுதச் சோம்பல். பல் டாக்டரிடம் இரண்டாம் தடவை போகச் சொன்னேனே, போ. குளிர் தொடங்கும் முன்னால் கழுத்து மூடிய கோட்டு வாங்கிக்கொள், கடையிலேயே வாங்கு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. குட்டி, அந்தச் சட்டை உனக்குச் சரியாக இருந்ததா? அம்மா மனசு நோகும் என்று பார்க்காதே, ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், நீ சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டுவிட்டு நானே முடிச்சுப் போடுகிறேன். போடாதே என்று நீ சொன்னால் போடமாட்டேன், ஆனால் எனக்கு மட்டுமாவது சொல். எங்கேயாவது இழுத்தது என்றால் இழுத்தது என்று எழுது. எந்தப் பக்கம் என்று எழுதும்போது மட்டும், உன் இடதா, பார்ப்பவரின் இடதா என்று மறக்காமல் எழுது.